மூன்று சென்ட்

நூலகக் கூரையிலிருந்து காரைத் துண்டு விழுந்தபோது மதிவதனி தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடி ஒடிந்து தொங்கியது. விரித்து வைத்திருந்த பொது அறிவுப் புத்தகத்தின் மேல் ஈரக் காரையும் துருப்பிடித்த கம்பித் துண்டும் கிடந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வராத. அங்கயே நில்லு," என்றாள் செந்தாமரை.

அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு பாய் அளவுக்குக் காரை பெயர்ந்து கம்பிகள் தெரிந்தன. கம்பி வழியே மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கார்த்திகை மழை பிடித்து ஒன்பது நாளாகிறது. வெளியே சம்பா வயல்களில் பயிர் நுனி மட்டும்தான் தெரிந்தது. ஆதிச்சமங்கலம் ஊர்ப்புற நூலகத்தில் பதினாறு வருடமாக நூலகராக இருக்கிறாள் அவள். இந்தக் கூரை எங்கெங்கே ஒழுகும், எந்த அலமாரியை எந்த மாதத்தில் நகர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் இதுவரை கூரை யார் தலையிலும் விழ வந்ததில்லை.

போன மாதமே பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கட்டடம் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியோடு பூட்டிவிட்டு, புத்தகங்களையும் இருக்கிற ஒரே கணினியையும் பாபநாசத்துக்கு அனுப்ப வேண்டும். பாபநாசம் ஏழு கிலோமீட்டர். ஆதிச்சமங்கலம் நூலகம் அதோடு இணைக்கப்படும் என்று உத்தரவில் இருந்தது. இணைப்பது என்றால் மூடுவது என்று எல்லோருக்கும் தெரியும்.

மதிவதனி வாசலில் நின்றபடியே கேட்டாள். "மூடிருவாங்களாக்கா?"

செந்தாமரை காரையைக் கூட்டினாள்.

மதிவதனிக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டான். மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. காலையில் நூறு நாள் வேலை, அது இல்லாவிட்டால் களையெடுப்பு. மதியத்துக்கு மேல் நூலகம். அரசுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டாவது முறை நான்கு மதிப்பெண்ணில் போனது. அவளோடு சேர்த்து ஏழு பெண்கள் இந்த ஒரே கூடத்தில் படிக்கிறார்கள். அவர்கள் யார் வீட்டிலும் விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார ஓர் இடம் கிடையாது. உட்கார்ந்தாலும் யாராவது ஒரு வேலை ஏவுவார்கள்.

"பாபநாசத்துல போய்ப் படிச்சுக்கலாமே," என்றாள் செந்தாமரை, தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"இங்கன்னா மாடு பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துருவேன். பஸ் ஏறிப் போயி படிக்கிறேன்னா விடுவாங்களாக்கா? எங்க போற, யார பாக்கப் போறன்னு கேப்பாங்க."

ஒரு வழி இருந்தது. சென்னையில் ஓர் அறக்கட்டளை, மாவட்டத்துக்கு நான்கு கிராம நூலகங்களைத் தேர்ந்தெடுத்துப் புதுக் கட்டடம் கட்டித் தருகிறது. ஐந்து கணினி, இணையம், பெண்களுக்குத் தனியாக ஒரு படிப்பறை. விண்ணப்பம் தஞ்சாவூர் நூலக அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. நிபந்தனை ஒன்றுதான். குறைந்தது மூன்று சென்ட் நிலம் நூலகத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இருக்கிற இடமே நம் இடம்தானே என்று செந்தாமரை நிம்மதியாக இருந்தாள். போன வெள்ளிக்கிழமை சிட்டா எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த இடம் இன்னும் மேலத்தெரு மிராசுதார் பெயரிலேயே இருந்தது. அவர் செத்து முப்பது வருடம் ஆகிறது. வாய்ச்சொல்லில் கொடுத்த இடம். செந்தாமரையின் தெற்குத் தெரு ஆட்கள் மண்ணும் கல்லும் சுமந்து எழுப்பிய சுவர். இரண்டுக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் செந்தாமரை தஞ்சாவூர் போனாள். மிராசுதாரின் இளைய மகன் கல்யாணம், மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி காமு கதவைத் திறந்து, ஈரக் குடையை வாங்கி வெளியே வைத்தாள்.

"ஆதிச்சமங்கலமா? யாரோட பொண்ணும்மா நீ?"

"கண்ணுசாமி மகளுங்க."

"ஓ, நம்ம கண்ணுசாமி பொண்ணா," என்றார் கல்யாணம்.

அந்த 'நம்ம' அவளுக்கு எங்கேயோ குத்தியது. ஆனால் வந்த காரியம் பெரிது. சிட்டாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். காமு காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா குடுத்தது எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு," என்றார். "அடிக்கல் போட்ட அன்னிக்கு நானும் நின்னேன். எழுதிக் குடுக்காம விட்டது தப்பு. என் பங்குக்கு நான் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா அண்ணா பிள்ளையும் போடணுமே. விஸ்வா பெங்களூர்ல இருக்கான். இரு, கேட்டுடலாம்."

போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். விஸ்வா பொறுமையாகக் கேட்டான். கோபப்படவில்லை.

"சித்தப்பா, அந்த சர்வே நம்பர் மொத்தத்தையும் விக்கப் பேசி முடிச்சாச்சு. நடுவுல மூணு சென்ட்டத் துண்டு போட்டா வாங்கறவர் வேண்டாம்னுடுவார்."

"தாத்தா குடுத்த வாக்குடா அது."

"தாத்தா எல்லாத்தையும்தான் குடுத்தார். குத்தகைக்காரங்களுக்குப் போச்சு, மனைக்கட்டுன்னு போச்சு, கோயிலுக்குப் போச்சு. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். எவ்வளவு நாளைக்கு சித்தப்பா நாமளே குடுத்துண்டிருக்கறது?"

செந்தாமரை காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடுத்துண்டிருக்கறது என்ற சொல் காதிலேயே நின்றது. அப்பா நடவு வயலில் குனிந்த முதுகோடு இரவில் நிமிரவே முடியாமல் ஒருக்களித்துப் படுப்பது நினைவுக்கு வந்தது. கணக்குக் கேட்க வந்தால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கேட்டால் காரியம் கெடும். கேட்காமலும் காரியம் கெட்டுத்தான் போனது.

"மன்னிச்சுக்கோம்மா," என்றார் கல்யாணம், போனை வைத்துவிட்டு. அவர் கை மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது. "நான் அவன வற்புறுத்த முடியாது. எனக்கு அந்த இடத்துல இருக்கறது பாதிதான்."

புதன்கிழமை ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் வீரையன் நல்ல மனுஷன்தான். புறம்போக்குக் கணக்கை எடுத்து அவளுக்கு எதிரிலேயே விரித்துக் காட்டினார். களம், சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் கரை, தண்ணீர்த் தொட்டி. மூன்று சென்ட் சேர்ந்தாற்போல் எங்கும் இல்லை. ஏரிக்கரையில் இருக்கிறது, ஆனால் நீர்நிலை என்பதால் பதிவு ஆகாது.

"சொந்த மனையில யாராவது எழுதிக் குடுத்தாத்தான் உண்டும்மா," என்றார். "அது யாரு குடுப்பா, இந்தக் காலத்துல?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அலுவலகப் படியிறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்துவந்தபோது அந்த நினைப்பு அவளுக்குள் விழுந்தது. விழுந்த கணத்திலேயே அதைத் தள்ளிவிடப் பார்த்தாள். தள்ள முடியவில்லை.

அவள் அம்மா அம்சத்தின் பெயரில் ஐந்து சென்ட் இருந்தது.

கண்ணுசாமி உயிரோடு இருந்தபோது, கரும்பு வெட்டப் போய், செங்கல் சூளைக்குப் போய், இருபது வருடம் சேர்த்து வாங்கிய மனை. அரசாங்கம் கொடுத்ததல்ல, யாரும் பார்த்துப் போட்டதல்ல. கிரயப் பத்திரம் அம்சம் பெயரில் எழுதினார், தன் காலத்துக்குப் பிறகு அவளை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று. இரண்டு சென்ட்டில் ஓட்டு வீடு. ரோட்டைப் பார்த்த மூன்று சென்ட் காலி. அதில் ஒரு முருங்கை, ஒரு கொட்டில். அது தம்பி வளவனுக்கு என்று அம்மா வாயால் ஊருக்கே சொல்லியிருக்கிறாள்.

வளவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்பா செத்த வருடம் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் போனவன். அவன் அனுப்பிய சம்பளத்தில்தான் செந்தாமரை கல்லூரி முடித்தாள், நூலகப் பயிற்சிக்குப் போனாள். திருமணம் ஆகி மூன்றே வருடத்தில் அவள் திரும்பி வந்து அம்மாவோடு இருந்துவிட்டபோதும் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தை பிறந்ததும் அந்த மூன்று சென்ட்டில் அஸ்திவாரம் போடுவதாக இருந்தான். பொண்ணு வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை. நேராகக் கேட்டாள்.

"அந்த மூணு சென்ட்ட நூலகத்துக்கு எழுதிக் குடும்மா."

அம்சம் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு கிறுக்கா?"

"கூரை இடிஞ்சு விழுதும்மா. மாசக் கடைசியில பூட்டிருவாங்க. அந்தப் புள்ளைங்க எங்க போவும்?"

"அதுக்கு ஏந் தலையிலயா கைய வைக்கிற? மேலத்தெருக்காரவுங்க குடுக்கல, ஊரு குடுக்கல, நாம குடுக்கணுமா? ஒங்கப்பன் அந்த மண்ணுக்காக என்னா பாடு பட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா கேப்பியா?"

உலை கொதித்து மூடியைத் தள்ளியது. அம்சம் அரிசியைக் களைந்து போட்டாள். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அது வளவனோடது. எங்கிட்ட கேக்காத. அவங்கிட்ட கேளு. அவன் சரின்னா நான் வந்து கைநாட்டு வைக்கிறேன். அவன் இல்லைன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ரு."

அம்மா இவ்வளவு சொல்வாள் என்று செந்தாமரை நினைக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் போனாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

"சொல்லுக்கா. அம்மா நல்லாருக்கா?" வளவன் குரலுக்குப் பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

சொன்னாள். அவன் எங்கோ நகர்ந்துபோய் நின்றான். மெஷின் சத்தம் குறைந்தது.

"வேணாங்க்கா."

"ஏழு பேரு படிக்கிறாங்கடா. அந்த மதிவதனி..."

"எல்லாந் தெரியும். நீ நல்லதுக்குத்தான் கேப்ப. ஆனா வேணாம். நான் இருபது வருஷமா அடுத்தவன் வீட்டு மாடியில தகர ஷெட்ல படுத்திருக்கேன். எனக்குன்னு அங்க ஒரு எடம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். பொண்ணு வீட்டுல சொந்த மனை இருக்குன்னு சொல்லியிருக்கு."

"வேற எடம் வாங்கலாண்டா. நானும் சேந்து..."

"அக்கா. நீ படிக்கணும்னு நான் நின்னேன். அத ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா? இப்ப சொல்ல வைக்கிற பாத்தியா." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வேணாங்க்கா. வச்சிரவா?"

போன் அணைந்த பிறகும் அவள் கொட்டிலிலேயே நின்றாள். ஆட்டுக்குட்டி ஒன்று அவள் முந்தானையைக் கடித்து இழுத்தது. விண்ணப்பப் படிவம் நூலக மேஜை இழுப்பறையில், ஓர் இடம் தவிர மற்றதெல்லாம் நிரப்பி, தயாராக இருந்தது. அதை நினைத்தாள். திங்கட்கிழமை விழுந்த காரை ஐந்து நிமிடம் முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள். தம்பியை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

உள்ளே வந்தாள். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னான்?"

"சரின்னுட்டாம்மா."

அம்சம் வடிதட்டைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"சரின்னானா?"

"வேற எடம் பாத்துக்கலாம்னான்."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எளிதாக வந்தது. அதுதான் செந்தாமரையைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை முழுக்க ஓட்டம். பாபநாசத்தில் பத்திரம் எழுதுகிற சித்தீக் பாய் அவளை உட்காரவைத்து, தானப் பத்திரம் தட்டச்சு செய்தார். வில்லங்கச் சான்று எடுத்தார், மறுநாள் காலைக்கு டோக்கன் போட்டார். தஞ்சாவூர் நூலக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிற புகழேந்தி, துறை சார்பில் ஏற்றுக் கையெழுத்துப் போடத் தானே வருவதாகச் சொன்னார். கேட்ட இடத்திலெல்லாம் கதவு திறந்தது. இவ்வளவு சுலபமாக நடக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஒரு இடத்திலாவது தடை வந்து தன்னை நிறுத்தாதா என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

தடை வெள்ளிக்கிழமை வந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்சம் வெளுத்த சேலை கட்டி, தலை வாரி, பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து போனாள். கேள்விகளுக்கெல்லாம் நல்லபடியாகப் பதில் சொன்னாள். யாராவது வற்புறுத்தினார்களா என்று சார்பதிவாளர் கேட்டபோது, இல்லை சார், எம்மக நூலகத்துல வேல பாக்குது, அதுக்குத்தான் குடுக்குறேன் என்றாள். பிறகு கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தாள். கருவி சிவப்பு விளக்கு காட்டியது.

"இன்னொரு தடவ வைங்கம்மா."

வைத்தாள். சிவப்பு. விரலைத் துணியில் துடைத்து வைத்தாள். சிவப்பு. இடது கை வைத்தாள். அதுவும் சிவப்பு. ஐம்பது வருடம் நாற்று பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்த விரல்கள். ரேகை என்று ஒன்று இருந்த இடத்தில் தோல் மழமழவென்று தேய்ந்து போயிருந்தது.

"இப்படி நெறைய பேருக்கு வருது," என்றாள் கணினி முன்னால் இருந்த பெண், கவிப்ரியா என்று அட்டை மாட்டியிருந்தவள். "சித்த நேரம் உக்காந்து, தேங்கா எண்ணெய் தடவிட்டு வாங்க. மறுபடி பாப்போம்."

மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. செந்தாமரை எதிர்க்கடையில் ஒரு சின்னப் பொட்டலம் எண்ணெய் வாங்கிவந்து, பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களில் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. நகக்கண்ணில் கறுப்பு ஏறி இறங்காமலே இருந்தது.

"தாமரை," என்றாள் அம்சம் தாழ்ந்த குரலில்.

"ம்."

"அவன் மனசாரத்தான் சொன்னானா?"

செந்தாமரை தேய்ப்பதை நிறுத்தவில்லை. இப்போது சொல்லிவிடலாம். எழுந்து, வாம்மா, வீட்டுக்குப் போவோம் என்றால் முடிந்தது. கருவியே வேண்டாம் என்கிறது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாசலில் புகழேந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தீக் பாய் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒண்ணும் கவலப்படாதீங்க என்பதுபோலத் தலையசைத்தார்.

"ஆமாம்மா," என்றாள்.

"அவன் கொரலக் கேட்டா எனக்குத் தெரியும். நானே ஒரு தடவ பேசியிருக்கணும்."

"சாயங்காலம் பேசிக்கலாம்மா. இப்ப அவன் வேலையில இருப்பான்."

ஏழாவது முறை, இடது கை நடுவிரலை அழுத்திப் பிடித்தபோது, விளக்கு பச்சையானது. கவிப்ரியா சிரித்தாள். "வந்துருச்சு பாட்டி." அம்சமும் சிரித்தாள். செந்தாமரை வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று வாந்தி எடுத்தாள்.

நாலேகாலுக்கு விண்ணப்பம் தஞ்சாவூரில் சேர்ந்தது.

சாயங்காலம் அம்மா போன் கேட்டபோது சார்ஜ் இல்லை என்றாள் செந்தாமரை. மறுநாள் வளவன் கூப்பிட்டான். அம்சம் எடுத்ததும் அவன் அம்மாவின் இருமலைப் பற்றிக் கேட்டான். மனையைப் பற்றிப் பேசவில்லை. அம்சமும், கொடுத்த பிள்ளையிடம் அதைப் பேசிப் பேசி நோகடிக்க வேண்டாம் என்று பேசவில்லை. இரண்டு பேருடைய அந்த மென்மையில்தான் பொய் நாற்பது நாள் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு நாளும் செந்தாமரை இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று எழுந்தாள், ஒவ்வொரு நாளும் சொல்லாமல் படுத்தாள்.

மாதக் கடைசியில் பழைய நூலகத்தைப் பூட்டினார்கள். விண்ணப்பத்தின் முடிவு தெரியும்வரை பாபநாசத்துக்கு அனுப்பாமல், புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் அடுக்கினார்கள். மார்கழியில் கடிதம் வந்தது. ஆதிச்சமங்கலம் தேர்வாகியிருந்தது. மதிவதனி வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செந்தாமரை கையை விடுவித்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வளவன் வந்தான். கூடவே பாபநாசத்திலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்து வந்திருந்தான். அஸ்திவாரத்துக்கு அளவு எடுக்க. ஆட்டோ வாசலில் நின்றபோது செந்தாமரை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் இறங்கி, முருங்கை இருந்த இடத்தைப் பார்த்தான். முருங்கை இல்லை. கொட்டில் இல்லை. நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது.

"யாரும்மா அளந்தது?" என்றான் சிரித்துக்கொண்டே. தனக்காகத்தான் அம்மா முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று நினைத்தான்.

அம்சம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நூலகத்துக்காரவுங்கதான். நீ சரின்னு சொன்ன பெறவுதான எழுதிக் குடுத்தோம்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். கொத்தனார் நிலைமையை ஊகித்து ஆட்டோ பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நான் சரின்னு சொன்னனாக்கா?"

செந்தாமரை கையில் ஈரத்துணி இருந்தது. அதிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது.

"இல்ல," என்றாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வளவன் சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான். கயிற்றை விரலால் ஒருமுறை தொட்டு விட்டான்.

"நீ எங்கிட்டயே மறுபடி கேட்டிருக்கலாங்க்கா," என்றான். "கால்ல விழுந்து கேட்டிருக்கலாம். நான் குடுத்துத் தொலச்சிருப்பேன். எனக்குத் தெரியும் என்னப் பத்தி."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்சம் கையை உயர்த்தித் தடுத்தாள். அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. வெள்ளத்தில் வயலை இழந்தவர்கள் கரையில் நின்று பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

"அவன் இல்லைன்னான்னு நீ எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, நானே ஒருவேள குடுத்திருப்பனோ என்னமோ," என்றாள். "நான் படிக்காதவ. ஆனா அந்தப் புள்ளைங்க நனைஞ்சுக்கிட்டு வர்றத நானுந்தான பாத்தேன். குடுத்திருப்பனா மாட்டனான்னு இனிமே எனக்கே தெரியாது. அதையும் நீயே எடுத்துக்கிட்ட."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, பொங்கலுக்கும் பேசவில்லை. பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வளவன் கிளம்பியபோது அம்சமும் ஒரு பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு கிளம்பினாள். தகர ஷெட்டில் எப்படியம்மா இருப்பாய் என்று செந்தாமரை கேட்டாள். அவன் இருக்கான்ல என்றாள் அம்சம். பொண்ணு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டதாகப் பிறகு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

கட்டடம் ஆறு மாதத்தில் எழும்பியது. செந்தாமரை தினமும் வீட்டு வாசலில் இருந்து அதைப் பார்த்தாள். தூண் எழும்பியது, கூரை போட்டார்கள், நீல வண்ணம் அடித்தார்கள். தேர்வு ஆனியில் வந்தது. மதிவதனி பள்ளிக்கூட மரத்தடியிலும் மாட்டுக்கொட்டகையிலும் உட்கார்ந்து படித்துவிட்டுப் போய் எழுதினாள். முடிவு வந்தது. இந்த முறையும் கிடைக்கவில்லை.

திறப்பு விழாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கல்யாணமும் காமுவும் வாடகைக் காரில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரோடும் பேசாமல் போனார்கள். வாசல் சுவரில் கல்வெட்டு பதித்திருந்தது. நிலம் கொடுத்தவர், அம்சம் கண்ணுசாமி. வீரையன் மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது தெற்குத் தெரு ஆட்கள் கைதட்டினார்கள். அம்மா எங்கேம்மா, மேடைக்குக் கூப்பிடு என்றார். உடம்பு சரியில்லை, வரமுடியவில்லை என்றாள் செந்தாமரை. இன்னும் எத்தனை பொய் மிச்சம் இருக்கிறது என்று தோன்றியது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கல்வெட்டைப் போனில் படம் எடுத்து வளவனுக்கு அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. பார்த்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நூலகத்தைத் திறந்தாள். புது வண்ண வாசனை. மேலத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. தெற்குத் தெருவுக்குள் வந்து படிக்க இன்னும் அவர்களுக்கு மனசு வரவில்லை. வந்தால் வரட்டும். பத்து மணிக்கு மதிவதனி வந்தாள். படிப்பறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். பக்கத்தைப் புரட்டாமலே கேட்டாள்.

"அம்மா வந்து பாக்கவே இல்லையேக்கா. எப்ப வருவாங்க?"

செந்தாமரை வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள்.

"தெரியலடி," என்றாள். வளவனிடம் சொன்ன அந்த ஒரு 'இல்ல'வுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. "நீ கையெழுத்துப் போடு. நேரமாகுது, படி."

மதிவதனி கையெழுத்துப் போட்டாள். வெளியே வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. செந்தாமரை பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த அடுத்த சாக்கின் வாயை அவிழ்த்து, புத்தகங்களை எடுத்து, ஈரம் தட்டியவற்றைத் தனியாக வெயிலில் பரப்பத் தொடங்கினாள்.